மாவு ஏன் பொங்கவில்லை: காரணக் கேள்விகளைத் தருக்க உட்கிடையாக எழுதுவது பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்குக் காரணம் எது அல்லது அதனால் விளைந்தது எது என்று கேட்டு, இரண்டு விடைகளில் ஏற்புடைய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அன்றாடக் கேள்விகளைத் தமிழில் தயாரித்து வருகிறீர்கள். அவற்றை அப்படியே கேட்காமல், ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்று பெறப்படுமா என்று தீர்மானிக்கப் பயிற்றுவிக்கப்பட்ட கணினி மொழி மாதிரியிடம் கொடுத்துப் பார்த்தீர்கள். விளைவைக் கேட்டவற்றில் ஓரளவு சரியாக வந்த விடை, காரணத்தைக் கேட்டவற்றில் தடுமாறியது. பெரும்பாலான இணைகளுக்கு ‘நடுநிலை’ (பெறப்படவும் இல்லை, முரண்படவும் இல்லை) என்பதே பதிலாக வந்தது. காரண காரியத்தைத் தருக்கமாக மாற்றுவதே தவறா, மாற்றிய விதம் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றுவது தவறன்று. ஆனால் காரணம் விளைவை நோக்கிச் செல்லும் திசையும், நம் அறிவு தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிச் செல்லும் திசையும் ஒன்றே என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்த ஓர் இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

சொற்களை முதலில் நேர்படுத்திக்கொள்வோம். தரப்பட்ட கூற்று முற்கூற்று, அதிலிருந்து பெறப்படுமா என்று சோதிக்கும் கூற்று கருதுகூற்று. கண்டிப்பான தருக்கத்தில் முற்கூற்று உண்மையாக இருக்கும் எந்தச் சூழலிலும் கருதுகூற்று பொய்யாக இருக்க இயலாது என்றால்தான் அங்கே உட்கிடை உண்டு. ‘அல்சூர் ஏரிக்கரையில் மூன்று பெண்கள் நடந்தார்கள்’ என்பதில் ‘ஏரிக்கரையில் மனிதர்கள் நடந்தார்கள்’ என்பது அடங்கியிருக்கிறது. இதை ஏற்க உலக அனுபவம் எதுவும் தேவையில்லை, சொற்களின் பொருள் தெரிந்தால் போதும். கணினி மொழியியலில் இந்தக் கண்டிப்பு தளர்த்தப்பட்டது. இடோ தாகனும் அவருடைய குழுவினரும் 2005-இல் நடத்திய முதல் உரை உட்கிடைப் போட்டியில், முற்கூற்றைப் படிக்கும் ஒருவர் கருதுகூற்று பெரும்பாலும் உண்மை என்று கொள்வாரானால் அதுவே உட்கிடை என வரையறுத்தார்கள். ‘பெரும்பாலும்’ என்ற அந்தச் சொல்தான் காரண காரியம் உள்ளே நுழைவதற்கான வாசல். ரோமெலி, பெஜான், கார்டன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ‘கோப்பா’ என்னும் ஆயிரம் கேள்விகள் கொண்ட தொகுப்பு, இன்னும் ஒரு படி இறங்கி, ‘இரண்டில் எது கூடுதலாக ஏற்புடையது’ என்று மட்டுமே கேட்டது. நீங்கள் தயாரிப்பவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஆக, ஒன்று உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் கருவியை, எது மேல் என்று கேட்கும் வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். நாங்கள் தஞ்சாவூரிலிருந்து பெங்களூருக்குக் குடிவந்த முதல் மார்கழியில், இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் வைத்தது வைத்தபடியே இருந்தது. உளுந்து பழையது என்றார் என் அம்மா. எதிர்வீட்டில் முப்பது ஆண்டுகளாக இருந்த வேலூர்க்காரப் பாட்டி, “ராத்திரிக் குளிர்ல இங்க மாவு பொங்காதும்மா, அடுப்புப் பக்கத்துல வெச்சு மூடிடு” என்றார். சிவாஜி நகர் கடையில் வாங்கிய உளுந்தை அம்மா மாற்றவில்லை. மறுநாள் பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்போரம் வைத்தார், மாவு பொங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில், மார்கழி இரவுகளில் வெப்பம் 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் குளிரில் மந்தமாகிவிடுகின்றன.

இதை உங்கள் வடிவில் எழுதினால், நிகழ்ச்சி: ‘மாவு பொங்கவில்லை.’ கேள்வி: காரணம் என்ன? முதல் விடை: ‘இரவு முழுவதும் கடுங்குளிராக இருந்தது.’ இரண்டாம் விடை: ‘மாவைச் சிறிய பாத்திரத்தில் ஊற்றி வைத்தார்கள்.’ நீங்கள் எல்லாக் கேள்விகளிலும் நிகழ்ச்சியை முற்கூற்றாகவும் விடையைக் கருதுகூற்றாகவும் வைத்திருக்கிறீர்கள். அதாவது, ‘மாவு பொங்கவில்லை, ஆகவே இரவு குளிராக இருந்தது’ என்று மாதிரியை நம்பச் சொல்லியிருக்கிறீர்கள். அது நம்ப மறுத்தது நியாயமே. உளுந்து பழையதாக இருக்கலாம், உப்பு மிகுந்திருக்கலாம், அரைத்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கலாம். விளைவு ஒன்றாக இருக்க, அதற்கு வழிகள் பல.

காரணக் கேள்விகளில் திசையைத் திருப்புங்கள். ‘இரவு கடுங்குளிராக இருந்தது’ என்பதை முற்கூற்றாக வைத்து, ‘மாவு பொங்கவில்லை’ என்பது அதிலிருந்து எவ்வளவு பெறப்படுகிறது என்று கேளுங்கள். பிறகு சிறிய பாத்திரத்தை முற்கூற்றாக வைத்துக் கேளுங்கள். மாதிரி தரும் இரண்டு மதிப்பெண்களை ஒப்பிடுங்கள். கண்டதை விளக்கக்கூடிய கருதுகோளைத் தேடுவது என்னும் இந்த நடையைத்தான் அமெரிக்க மெய்யியலாளர் சார்ல்ஸ் பெர்ஸ், விதியிலிருந்து முடிவுக்கு வருவதினின்றும் பலவற்றைக் கண்டு பொதுமைப்படுத்துவதினின்றும் பிரித்து, மூன்றாவது அனுமான வகையாக வைத்தார்.

இந்தத் திசை வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று என்பதை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி, அதாவது அறியும் வழிகளைப் பற்றிப் பேசும் சமயவாதி, அனுமானத்தைப் பொது, எச்சம், முதல் என மூன்றாகப் பிரிக்கிறான். கருக்கொண்ட மேகத்தைப் பார்த்து மழை பெய்யும் என்று சொல்வது முதல். வெள்ளத்தைப் பார்த்து அங்கே மழை பெய்திருக்கிறது என்று சொல்வது எச்சம். காரணத்திலிருந்து காரியத்துக்கு ஒன்று, காரியத்திலிருந்து காரணத்துக்கு மற்றொன்று. கோப்பாவின் இரண்டு கேள்வி வகைகளும் இவையே. நியாயம் என்னும் இந்தியத் தருக்க மரபின் நூலார் இவற்றை முறையே பூர்வவத், சேஷவத் என்பர்.

ஆனால், ‘காரணக் கேள்வியானால் முதலின் திசையில் மதிப்பிடு’ என்று விதி எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். இரண்டாம் விடையை மாற்றிப் பாருங்கள்: ‘இரவில் யாரோ மாவைக் கொதிக்க வைத்துவிட்டார்கள்.’ இதை முற்கூற்றாக வைத்தால் மாவு பொங்காது என்பது குளிரைவிட உறுதியாகப் பெறப்படும். ஆனாலும் பெங்களூரில் எந்தக் குடும்பத்திலும் யாரும் அதைக் காரணமாகச் சொல்லமாட்டார்கள், ஏனெனில் அது நடப்பதே அரிது. உட்கிடையின் வலிமையை மட்டும் அளந்தால், நடக்காத காரணங்கள் நடக்கும் காரணங்களை வென்றுவிடும். எச்சத்தின் திசை இங்கேதான் உதவுகிறது: மாவு பொங்கவில்லை என்ற செய்தியைக் கேட்டவர் எதை நம்பத் தலைப்படுவார் என்று கேட்கும்போது, எது வழக்கமாக நடக்கிறது என்ற நம் முன்னறிவும் அந்த மதிப்பீட்டில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே இரண்டு திசைகளிலும் மதிப்பெண் எடுங்கள். எதற்கு எவ்வளவு எடை என்பதை, உங்கள் கேள்விகளில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து அதைக் கொண்டு தீர்மானியுங்கள்.

எந்தத் திசை வலிமையானது என்பதைப் பற்றி நியாய நூலார் கண்டது இன்னும் நுட்பமானது. புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்பது சரியான அனுமானம். நெருப்பைக் கண்டு புகை உண்டு என்பது தவறான அனுமானம். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு என்ற நிபந்தனை சேர்ந்தால்தான் நெருப்பு புகையைத் தரும். அந்த மறைந்த நிபந்தனைக்கு அவர்கள் உபாதி என்று பெயரிட்டார்கள். காரணத்திலிருந்து விளைவுக்குச் செல்லும் வழிதான் எளிது என்று நாம் இயல்பாக நினைக்கிறோம். அவர்கள் அந்த வழியில்தான் பள்ளம் இருக்கிறது என்று காட்டினார்கள். விளைவுக்கு ஒரே வகைக் காரணம்தான் உண்டு என்றால் எச்சம் உறுதியானது. காரணத்துக்குத் துணைநிபந்தனைகள் பல வேண்டுமென்றால் முதல் தளர்வானது. உங்கள் கேள்விகளை இந்த இரண்டு அளவுகளால் பிரித்துப் பார்த்தால், மாதிரி எங்கே தவறுகிறது என்பது கேள்வி வகையைக்கொண்டு பிரிப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.

உபாதி இன்னொன்றையும் விளக்குகிறது. கண்டிப்பான தருக்கத்தில், ஒரு முடிவு பெறப்பட்டுவிட்டால், முற்கூற்றுகளோடு எதைக் கூட்டினாலும் அந்த முடிவு நிற்கும். அன்றாடக் காரண அறிவு அப்படிப்பட்டதன்று. ‘மின்சாரம் போயிற்று’ என்றால் ‘மின்தூக்கி நின்றது’ என்று கொள்வோம். ‘அந்த அடுக்ககத்தில் ஜெனரேட்டர் உண்டு’ என்று ஒரு வாக்கியம் சேர்ந்தால் முடிவைத் திரும்பப் பெறுவோம். ‘ஜெனரேட்டரில் டீசல் இல்லை’ என்று மேலும் ஒன்று சேர்ந்தால் மீண்டும் பழைய முடிவுக்கே வருவோம். இவ்வாறு பின்வாங்கத்தக்க முடிவுகளுக்கு முறையான தருக்கம் அமைக்கும் முயற்சிகளில் முதன்மையான இரண்டு, மெக்கார்த்தியுடையதும் ரைட்டருடையதும், 1980-இல் வெளிவந்தன. உங்கள் வேலைக்கு அந்தக் கணிதம் முழுவதும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முடிவை முறிக்கும் வாக்கியம் ஒன்றையும் எழுதி வைத்து, அதைச் சேர்த்தால் மதிப்பெண் இறங்குகிறதா என்று சோதியுங்கள். கம்பளியும் அடுப்போரமும் சேர்ந்த பிறகும், குளிர் என்ற சொல் இருப்பதாலேயே மாதிரி ‘மாவு பொங்கவில்லை’ என்று உறுதியாகச் சொன்னால், அது காரணத்தை அறியவில்லை, சொற்கள் சேர்ந்து வரும் பழக்கத்தையே அறிந்திருக்கிறது.

இனி, ‘நடுநிலை’ என்ற விடை பற்றி. அது மாதிரியின் குறையன்று. அது படித்த பாடம் அப்படிப்பட்டது. உட்கிடை மாதிரிகளின் பயிற்சியில் பெரும்பங்கு வகித்த ஸ்டான்போர்டு தொகுப்பு 2015-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 5,70,000 வாக்கிய இணைகள் கொண்டது. அதன் முற்கூற்றுகள் ஒளிப்படங்களுக்கு எழுதப்பட்ட விளக்க வரிகள். ஒரு படத்தில் காணும் காட்சியை வேறு சொற்களில் சொன்னால் உட்கிடை, காட்சிக்கு மாறாகச் சொன்னால் முரண், இரண்டுமின்றிப் புதிதாக எதையாவது சேர்த்தால் நடுநிலை. காரணமும் விளைவும் பெரும்பாலும் ஒரே படத்தில் அடங்குவதில்லை. ஒன்று முன்னால் நடந்தது, மற்றொன்று பின்னால் நடந்தது. ஆகவே அந்தப் பாடத்தைப் படித்த மாதிரிக்கு உங்கள் கேள்வியின் இரண்டு விடைகளும் புதிதாகச் சேர்க்கப்பட்டவைதான். விடையின் பெயரைப் பார்க்காதீர்கள். உட்கிடை என்ற வகைக்கு மாதிரி தரும் நிகழ்தகவை இரண்டு விடைகளுக்கும் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் நடுநிலையாகவே இருக்கும்போதுகூட ஒன்று மற்றதைவிட உட்கிடைக்கு அருகில் இருக்கும். உங்கள் கேள்விக்கு அந்த இடைவெளியே போதும்.

இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால், காரணத்தையும் விளைவையும் பாலம்போல் இணைக்கும் பொதுவாக்கியம் ஒன்றை, அதாவது பாலவாக்கியத்தை, முற்கூற்றோடு சேர்ப்பது பயன் தரும். மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் ஐந்துறுப்பு வாதத்தைக் கற்பிக்கும்போது, இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், புகையுடையதாதலால் என்பது ஏது, அடுக்களைபோல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதை இம்மலைக்குப் பொருத்தும் உபநயமும், முடிவைச் சொல்லும் நிகமனமும் பின்னால் வருகின்றன. அடுக்களையை எதற்காகச் சொல்ல வேண்டும்? புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற பொதுத் தொடர்பை ஏற்பதற்கு, கேட்பவர் தம் கண்ணால் கண்ட ஓர் இடம் வேண்டும் என்பதற்காக. அன்றாடப் பேச்சில் நாம் விழுங்கிவிடுவது இந்த உறுப்பைத்தான். ‘இரவு கடுங்குளிராக இருந்தது. குளிரில் மாவு பொங்குவதில்லை.’ இப்படி எழுதிவிட்டால் ‘மாவு பொங்கவில்லை’ என்பது மாதிரி நன்கு படித்த வகையான உட்கிடையாகவே மாறிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சரியான விடைக்கு மட்டும் பாலவாக்கியம் எழுதினால், நீங்களே விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு மாதிரி கண்டுபிடித்தது என்று கணக்கெழுதுவீர்கள். இரண்டு விடைகளுக்கும் எழுத வேண்டும். அதுவும் எது சரியான விடை என்று தெரியாத ஒருவர் எழுத வேண்டும். ‘பாத்திரம் சிறியதானால் பொங்கும் மாவு வழியும்’ என்று இரண்டாம் விடைக்கு அவர் எழுதுவார். அது உண்மை, ஆனால் கேட்ட நிகழ்ச்சிக்கு இட்டுச் செல்லாது. அந்த வேறுபாட்டைக் காண்பதே சோதனை.

தமிழில் செய்வதால் உங்களுக்கு வரும் தனிச் சிக்கலுக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த அக்கறை. ‘மழை பெய்ததால் சாலை நனைந்தது’, ‘சாலை நனைந்திருப்பதால் மழை பெய்திருக்க வேண்டும்’ ஆகிய இரண்டிலும் ‘ஆல்’ ஒன்றே. முன்னதில் அது நிகழ்ச்சியை உண்டாக்கிய காரணத்தைச் சொல்கிறது. பின்னதில் நாம் அறிந்துகொண்டதற்கான காரணத்தைச் சொல்கிறது. தண்டியலங்காரம் ஏது அணியைக் காரகம், ஞாபகம் என்று இரண்டாக வகுத்தது இந்த வேறுபாட்டின் மேல்தான்: செய்விப்பது காரக ஏது, அறிவிப்பது ஞாபக ஏது. ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆகையால்’ ஆகியவையும் இரண்டு வேலைகளையும் செய்கின்றன. எனவே இரண்டு கூற்றுகளையும் இணைத்துக் கேட்கும் உங்கள் வாய்பாட்டில் வெறும் ‘ஆகவே’ இருந்தால், நீங்கள் எந்த ஏதுவைக் கேட்கிறீர்கள் என்பது மாதிரிக்கும் தெரியாது, மதிப்பிடும் மனிதருக்கும் தெரியாது. பிரித்துக் காட்டுவது வினைமுற்றுதான். ஞாபக ஏதுவைக் கேட்கும் வாய்பாட்டில் முடிவை ‘இருந்திருக்க வேண்டும்’, ‘பெய்திருக்கும்’ என்ற வடிவில் எழுதுங்கள். காரக ஏதுவைக் கேட்கும் வாய்பாட்டில் நேரான இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

வினையெச்சம் இதைவிட ஏமாற்றக்கூடியது. இலக்கண உரைகளில் காணும் ‘மழை பெய்து மரம் குழைத்தது’ என்பதில் ‘பெய்து’ காரணத்தைக் குறிக்கிறது. ‘ஞாயிறு பட்டு வந்தான்’ என்பதில் ‘பட்டு’ காலத்தை மட்டுமே குறிக்கிறது. வடிவத்தில் வேறுபாடு இல்லை. ஒன்றன்பின் ஒன்று நடந்ததா, ஒன்றால் ஒன்று நடந்ததா என்பதை உலக அறிவே தீர்மானிக்கிறது. ஆகவே கேள்வியின் நிகழ்ச்சி வாக்கியத்துக்குள் இத்தகைய வினையெச்சங்களை வைக்காதீர்கள். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு முற்று என்று தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.

மாதிரி நல்ல மதிப்பெண் பெறும்போதுதான் கூடுதலாக ஐயப்பட வேண்டும். முன்சொன்ன ஸ்டான்போர்டு தொகுப்பில், முற்கூற்றை மறைத்துவிட்டுக் கருதுகூற்றை மட்டும் காட்டினாலும் ஏறத்தாழ 67 விழுக்காடு விடைகளைச் சரியாகச் சொல்ல முடிகிறது என்று 2018-இல் கண்டறிந்தார்கள். மூன்று வகைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொன்னால் மூன்றில் ஒரு பங்குதான் சரியாகும். கோப்பாவிலும் சரியான விடைகளில் சில சொற்கள் மிகுதியாக வந்திருந்தன என்பதும், அந்தத் தடயத்தை மாதிரிகள் பற்றிக்கொண்டன என்பதும் 2019-இல் தெரியவந்தது. அதற்கு அந்த ஆய்வாளர்கள் கண்ட மாற்று எளிமையானது: ஒவ்வொரு கேள்விக்கும் அதே இரண்டு விடைகளை வைத்துக்கொண்டு, மற்ற விடை சரியாகும்படி நிகழ்ச்சியை மட்டும் மாற்றி ஒரு கண்ணாடிக் கேள்வி எழுதினார்கள். நம் கேள்விக்கு அது தயாராகவே இருக்கிறது. ‘மாவு பொங்கவில்லை’ என்பதை ‘மாவு பாத்திரத்தை மீறி வழிந்தது’ என்று மாற்றுங்கள். குளிர் தோற்று, சிறிய பாத்திரம் வெல்ல வேண்டும். இரண்டையும் சரியாகச் சொன்னால்தான் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எழுத வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020-இல் வந்த எக்ஸ்கோப்பா, கோப்பாவின் 600 கேள்விகளைத் தமிழ் உட்படப் பதினொரு மொழிகளுக்கு மனிதர்களைக் கொண்டே பெயர்த்தது. ஒப்பீட்டுக்கு அது தேவை, அவசியம் பயன்படுத்துங்கள். ஆயினும் மாவும் குளிரும் அதில் கிடைக்கமாட்டா. நீங்களே எழுதும் கேள்விகளைப் பெங்களூரில் வளர்ந்த தமிழர்களிடமும் சென்னையில் வளர்ந்தவர்களிடமும் தனித்தனியே கொடுத்து விடை வாங்குங்கள். தம் ஊர் இரவுகளில் மாவு பொங்காமல் நின்றதை அறியாத சென்னைக்காரர் உளுந்தின் மேலேயே ஐயப்படுவார், என் அம்மா செய்ததுபோல. அத்தகைய கேள்விகளைத் தவறானவை என்று எறிந்துவிடாமல், பாலவாக்கியம் இன்றித் தீர்க்க முடியாதவை என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஐம்பது கேள்விகளை மட்டும் எடுத்து, முதலின் திசையிலும் எச்சத்தின் திசையிலும் மதிப்பெண் வாங்கி, இரண்டு திசைகளும் வெவ்வேறு விடையைத் தேர்ந்தெடுத்த கேள்விகளைத் தனியே பிரித்து வையுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் அருகில், விளைவுக்கு வேறு காரணங்கள் பல உண்டா, காரணத்துக்கு உபாதி உண்டா, அல்லது காரணமே அரிதானதா என்று கையால் எழுதுங்கள். அந்தப் பட்டியலை அனுப்பினால், எடைகளை எப்படி வைப்பது என்பதை அதைக் கொண்டே பேசலாம்.